வெளிநாட்டு மடக்குக்கத்தி உழவருக்கு உதவுமா?

பம்புசெட் வாங்குவதென்றால் பத்துப் பேரைக் கேட்கிறோம். மாடு பிடிப்பதென்றால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். ஆனால் காலை முதல் மாலை வரை மடியில் இருந்து நமக்கு உழைக்கிற சிறு கத்தியை வாங்கும்போது யாரையும் கேட்பதில்லை. சந்தைக்குப் போகிறோம். பளபளப்பாக இருக்கிறது. நூறு ரூபாயைக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

அப்படி வாங்கிய ஒரு மடக்குக்கத்திக்கு நான் கொடுத்த விலை நூற்று இருபது ரூபாய் மட்டுமல்ல. வலது கை ஆள்காட்டி விரலின் பாதி வேலையையும் சேர்த்துக் கொடுத்தேன். அதன்பிறகுதான் கத்தி என்பது எதைப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் என்று யோசிக்கத் தொடங்கினேன். நான் தெரிந்துகொண்டதை உழவர் பெருமக்களுக்குச் சொல்வது நல்லது என்று தோன்றுகிறது.

விரல் போன விதம்

எனக்குப் பாகூர்ப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கரில் நெல். மீதியில் வாழையும் காய்கறியும். கறவை மாடுகள் இரண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு விடியற்காலை. வரப்போரம் கட்டியிருந்த கன்றுக்குட்டி வாய்க்காலில் சறுக்கி விழுந்துவிட்டது. நைலான் கயிறு கழுத்தை இறுக்க, கன்று கண் பிதுங்கித் துடித்தது. முளைக்குச்சியில் போட்டிருந்த முடிச்சோ கல்லாக இறுகிவிட்டது.

மடியில் இருந்த மடக்குக்கத்தியை எடுத்து விரித்தேன். கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் அலகை விட இடமில்லை. ஆகவே முடிச்சிலேயே முனையைக் குத்தி நெம்பினேன். அலகு பின்பக்கமாக மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த என் விரலின் மேலேயே மூடிக்கொண்டது. அறுபட வேண்டிய கயிறு அறுபடவில்லை, விரல் அறுபட்டது.

பக்கத்து வயல்காரர் அரிவாளோடு ஓடி வந்து கன்றைக் காப்பாற்றினார். விரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டதென்று டாக்டர் சொன்னார். தையல், தடுப்பூசி, கட்டு. அறுவடை நேரத்தில் ஆறு வாரம் கை உதவவில்லை. நான் செய்ய வேண்டிய வேலைக்கெல்லாம் ஆள் வைக்க வேண்டியதாயிற்று. இன்றும் அந்த விரல் முழுவதும் மடங்காது. பால் கறக்க உட்கார்ந்தால் அது நினைவுபடுத்தும்.

அந்தக் கத்தியில் ஊர்ப் பெயரும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. “ஃபாரின் சரக்கு, கப்பல்ல வந்தது” என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் நானும் வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மைத்துனர் கொண்டு வந்த கத்தி

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல உண்டு. என் மனைவியின் பிறந்தகமும் அவற்றில் ஒன்று. அவளுடைய தம்பி பிரான்சில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தபோது என் விரலைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த முறை வரும்போது ஒரு கத்தியோடு வந்தார்.

“மாமா, இதை வச்சுப் பாருங்க. அங்க தோட்டக்காரன், திராட்சைக்காரன், மாடு வச்சிருக்கிறவன் எல்லார் பையிலயும் இதுதான் இருக்கும்” என்றார்.

பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மரப்பிடி, அதில் ஒரு பிளவு, பிளவுக்குள் ஓர் அலகு, கழுத்தில் ஒரு தகட்டு வளையம். நம் ஊர்த் திருவிழாக் கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் பழைய கத்தியில் பாட்டில் திறக்க ஒன்று, திருகாணி முடுக்க ஒன்று என ஏழெட்டு இருந்தன. இதில் அலகு ஒன்றே ஒன்று.

ஒன்றரை ஆண்டு அதை வைத்து வேலை செய்த பிறகு, சிரித்தது தவறு என்று தெரிந்தது. அதே சமயம், மைத்துனர் சொன்ன அளவுக்கு அது எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதும் தெரிந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை செய்தது

இந்தக் கத்தியின் பெயர் ஒப்பினெல். பிரான்சின் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலையில் சவோய் என்றொரு பகுதி இருக்கிறது. மாடு மேய்ப்பதும் பாலாடைக்கட்டி செய்வதும் அங்குள்ளவர்களின் பழைய தொழில். அங்கே சான் ழான் தெ மோரியென் என்ற சிறு நகருக்கு அருகே ஒரு கொல்லர் குடும்பம். தகப்பனார் கோடரியும் கொடுவாளும் கிளை கழிக்கும் கத்தியும் அடித்து விற்றவர். அவருடைய மகன் ஜோசப் ஒப்பினெல் 1872-இல் பிறந்தார். 1890-இல், பதினெட்டாவது வயதில், சுற்று வட்டாரத்து உழவர்களுக்காக இந்த மடக்குக்கத்தியைச் செய்தார்.

1897-இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் செய்யத் தொடங்கினார். மிகச் சிறியதான ஒன்றாம் எண்ணும், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தேவையில்லாமல் நின்ற பதினோராம் எண்ணும் பின்னர் கைவிடப்பட்டன. மற்றவை இன்றும் வருகின்றன. 1909-இல் கிரீடம் வைத்த கை என்ற முத்திரையைப் பதிவு செய்தார்கள். இன்றும் அலகில் அந்த முத்திரையைக் காணலாம்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. கழுத்தில் திருகிப் பூட்டுகிற வளையம் தொடக்கத்தில் கிடையாது. ஜோசப்பின் மகன் மார்செல் 1955-இல்தான் அதைச் சேர்த்தார். அதாவது, நன்றாக விற்றுக்கொண்டிருந்த கத்தியை, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும், வாங்குகிறவன் விரலை எண்ணித் திருத்தியிருக்கிறார்கள். என் விரலுக்குத் தெரியும் அதன் அருமை.

என்னிடம் இருப்பது எட்டாம் எண். அலகு எட்டரை சென்டிமீட்டர். மடக்கினால் பதினொரு சென்டிமீட்டர். எடை ஐம்பது கிராம் அளவில். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. மொத்தக் கத்தியும் ஐந்தே உறுப்புகள்: அலகு, பிடி, ஆணி, பிடியோடு நிற்கும் வளையம், அதன்மேல் சுழலும் பூட்டு வளையம்.

முதலில் பூட்டைப் பாருங்கள்

மடக்குக்கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது கூர் அல்ல, பூட்டு. கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். பூட்டு தோற்றால் விரல் போகும்.

சந்தையில் விற்கும் பேனாக்கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டே கிடையாது. முதுகில் உள்ள வில் அலகை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். பழத்தை நறுக்க, நூலை அறுக்க அது போதும். குத்தினாலும் நெம்பினாலும் வில் தோற்றுவிடும். வேறு சிலவற்றில் உள்ளே ஒரு மெல்லிய தகடு அலகின் அடியில் வந்து முட்டுக் கொடுக்கும். நன்றாகச் செய்திருந்தால் அது உறுதியானது. மலிவான வேலையில் அந்தத் தகடு தேய்ந்து நழுவும். “பூட்டு இருக்கிறது” என்று நம்பி அழுத்துவோம். அதனால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஒப்பினெல்லின் பூட்டு, கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடியது. வளையத்தில் ஒரு வாய் வெட்டியிருக்கிறது. வாய் பிளவுக்கு நேராக இருந்தால் அலகு மடங்கும். அலகை விரித்து வளையத்தைத் திருகினால் வாய் விலகி, வளையத்தின் உடம்பு அலகுக்குக் குறுக்கே வந்து நிற்கும். அலகு பின்னுக்கு வர வழியில்லை. வில் இல்லை, தளர்வதற்கு வேறு எதுவும் இல்லை.

ஆனால் இந்தப் பூட்டு தானாக விழாது. ஒவ்வொரு முறையும் நாம்தான் திருக வேண்டும். மறந்துவிட்டால் இதுவும் என் பழைய கத்தியும் ஒன்றுதான். விரித்தவுடன் திருகு, திருகிய பிறகே வெட்டு என்று கையைப் பழக்க வேண்டும். இதைப் பழக முடியாதவர், அவசரக்காரர், இந்தக் கத்தியை வாங்காமல் இருப்பதே மேல்.

எந்தக் கத்தியானாலும் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். விரித்துப் பூட்டுங்கள். பிடியை இரு பக்கத்திலும் பிடித்து, அலகு மூடும் பாதையில் விரல் இல்லாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்துப் படிப்படியாக அழுத்துங்கள். மடங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆறு வாரம் ஆள் கூலி அவர் கொடுக்கப்போவதில்லை.

அடுத்தது எஃகு

பளபளப்பு வேறு, எஃகின் தரம் வேறு. கத்தியைத் துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். அலகைக் கடினமாக்குவது கரி. பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்துகிற வேலை சரியாக இருந்தால்தான் கூர் நிற்கும். பளபளவென்றிருக்கும் மலிவுக் கத்தியில் இந்தப் பதம் இல்லாததால்தான் நான்கு சாக்குத் தையலை அறுப்பதற்குள் வாய் மழுங்கிவிடுகிறது.

ஒப்பினெல்லில் இரண்டு வகை அலகு உண்டு. ஒன்று கரி எஃகு. அதில் கரி ஏறத்தாழ 0.9 சதவீதம். அலகில் ‘கார்பன்’ என்று பொறித்திருக்கும். மற்றது துருப்பிடிக்காத எஃகு. அதாவது நாம் எவர்சில்வர் என்று சொல்லும் இனம், ஆனால் பாத்திரத்துக்குப் போடும் எவர்சில்வர் அல்ல, கத்திக்கென்று உருக்கிய சுவீடன் நாட்டு எஃகு. அலகில் ‘இனாக்ஸ்’ என்று இருக்கும்.

எனக்கு வந்தது கரி எஃகு. எங்கள் ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அறுபது வயதுக்காரர். கட்டை விரலால் வாயைத் தடவினார், அரத்தால் ஓரத்தில் லேசாக இழுத்துப் பார்த்தார்.

“நல்ல இரும்பு தம்பி. இதைவிட நல்ல இரும்பு லாரி வில்பட்டையில எனக்கும் கிடைக்கும். ஆனா நான் பத்துக் கத்தி அடிச்சா எட்டு நல்லா வரும், ரெண்டு வாய் மடங்கும். இவனுக்குப் பத்தும் ஒரே மாதிரி வருது. அதான் இவன் வித்தை” என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது. இதற்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

கரி எஃகை வீட்டுச் சாணைக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். அலகைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை அரை சென்டிமீட்டர் அளவு தூக்கி, இரு பக்கமும் பத்துப் பத்து இழுப்பு. இறுதியில் பழைய தோல் செருப்பில் நாலு தடவு. கைமயிரை வழிக்கும். துருப்பிடிக்காத அலகுக்கு இதைவிடச் சற்று நேரம் ஆகும், அவ்வளவுதான் வேறுபாடு. எந்தக் கத்தியையும் சாணைக்காரரின் மின்சாரச் சக்கரத்தில் பொறி பறக்கக் கொடுக்காதீர்கள். வாய் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

எந்த அலகை வாங்குவது? கரி எஃகு ஈரத்தில் துருப்பிடிக்கும். வாழைக் கறை, மாம்பால், எலுமிச்சை பட்டால் உடனே கறுக்கும். கறுப்பு கெடுதல் அல்ல; செந்துருதான் பகை. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் கரி எஃகு நல்லது. சேற்றுக் கையோடு மடக்கி மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரும், எங்களைப் போல் கடற்காற்று வீசும் இடத்தில் இருப்பவரும் துருப்பிடிக்காத அலகையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள் என்பது என் கருத்து.

எந்த வேலைக்கு ஆகும்?

அலகின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. வாய்ப்பக்கம் இன்னும் மெலிந்து வருகிறது. ஆகவே இது சீவுகிற கத்தி. வெட்டுகிற கத்தி அல்ல. இதைப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

வாழைக்கு முட்டுக் கட்டிய கயிற்றை அறுக்க, உரச்சாக்கின் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நேராக அறுக்க, கத்திரி, வெண்டை, பூசணிக் காம்பை நறுக்க, காய்ந்த வாழைச் சருகைக் கழிக்க, கீரைக் கட்டுக்கு நார் கிழிக்க, முருங்கைப் போத்தின் நுனியைச் சீவ இதற்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை. காம்பு நசுங்காமல் அறுபடுவதால் செடியில் காயம் சிறியதாக இருக்கிறது.

ஒட்டுக் கட்டவும் ஆகும். மா ஒட்டுக்கு ஒட்டுக்குச்சியை ஆப்புப் போல் சீவினேன், நன்றாகவே வந்தது. ஆனால் நாள் முழுதும் ஒட்டுக் கட்டுகிறவருக்கு ஒருபக்கம் மட்டும் தீட்டிய ஒட்டுக்கத்திதான் சரி. இருபக்கம் தீட்டிய வாய், சீவும்போது சற்று வளைந்து ஓடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தேங்காய் மட்டையை உரிக்காதீர்கள். மூங்கிலைப் பிளக்காதீர்கள். கரும்பு விதைக்கரணை வெட்டாதீர்கள். ஆணியைப் பிடுங்கவும் டின்னைத் திறக்கவும் முனையை விட்டு நெம்பாதீர்கள், முனை ஒடியும். இவற்றுக்கெல்லாம் அரிவாள் இருக்கிறது. அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்கள். அறுக்கத் தெரிந்தவனுக்கும் இரண்டு வேண்டும்: ஒன்று வெட்ட, ஒன்று சீவ.

பிறவிக் குறைகள்

இந்தக் கத்தியின் பெரிய குறை மரப்பிடிதான். பிடி பீச் என்ற மரத்தில் கடைந்தது. கைக்கு இதமானது, வியர்வையிலும் வழுக்காது. ஆனால் மரம் ஈரத்தில் உப்பும். அலகைப் பிளவு இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. இது யாரோ சொன்ன புகார் அல்ல. அதைச் செய்கிற ஊரில் அனைவரும் அறிந்த குணம். அதற்கு அவர்கள் ஒரு வித்தையும் வைத்திருக்கிறார்கள். பிளவு கீழே பார்க்கப் பிடித்து, பிடியின் அடியைக் கல்லிலோ மேசையிலோ ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். பிறகு விரலால் பிடித்து விரித்துவிடலாம். சவோய்க்காரர் தட்டு என்றே அதற்குப் பெயர்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடவுச் சேற்றில் நிற்கிற நமக்கு இது சிறு குறை அல்ல. அவசரத்தில் கயிற்றை அறுக்க வேண்டியவன் கல்லைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நல்ல வெயிலில் காயவைத்து, பிளவுக்குள் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டால் மரம் ஈரத்தைக் குறைவாக இழுக்கும். முற்றிலும் தீராது.

இரண்டாவது குறை, விரிப்பதற்கு இரு கைகளும் வேண்டும். ஒரு கையில் மாட்டுக் கயிறோ ஒட்டுக்கன்றோ இருந்தால் சிரமம்தான்.

மூன்றாவது, மடக்குக்கத்திகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிடியின் பிளவுக்குள் அழுக்குச் சேரும். கழுவினாலும் முழுதாகப் போகாது. பூச்சிமருந்துப் பொட்டலத்தை அறுத்த கத்தியை மடக்கிப் பையில் போட்டு, மத்தியானம் அதே கத்தியால் கொய்யாப்பழம் நறுக்கிப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறோம். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. மருந்துக்கென்று ஒரு பழைய பிளேடையோ கத்தரிக்கோலையோ மருந்துப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அது வீட்டுக்குள் வரக்கூடாது.

நோய் கண்ட செடியை வெட்டுவதும் அப்படியே. பாக்டீரியாவால் வரும் வாடல் நோய் கத்தி வாயில் ஒட்டிக்கொண்டு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும். அப்படிப்பட்ட தோட்டத்தில் மடக்குக்கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். மடக்காத கத்தியை வைத்து, மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டால் துடைத்தோ நெருப்பில் காட்டியோ வெட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்குவதென்றால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். இல்லாவிட்டால் கரி எஃகு அன்றைக்கே துருப்பிடிக்கும்.

விலைக்குத் தகுமா?

பிரான்சில் எட்டாம் எண் கத்தி பத்து முதல் பதினைந்து யூரோவுக்குள் கிடைக்கிறது. அங்கே அது மலிவுப் பொருள். நம் பணத்தில் ஆயிரத்துக்கு மேல். இங்கே வாங்கினால் இறக்குமதிச் செலவும் வியாபாரி லாபமும் ஏறும். ஆகவே ‘மலிவு’ என்ற சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு மலிவு, நமக்கு ஒன்றரை, இரண்டு நாள் கூலி.

“ஆயிரம் ரூபாய்க்குக் கத்தியா? அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டைத் தீவனம் வாங்கலாமே” என்று பக்கத்து வயல்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூற்று இருபது ரூபாய்க் கத்தி எனக்கு ஆண்டுக்கு இரண்டு தேவைப்பட்டது. ஒன்று தொலையும், ஒன்று உடையும். நல்ல கத்தியாக இருந்தால் தொலைக்கவும் மனம் வருவதில்லை. ஐந்து ஆண்டு வைத்திருந்தால் செலவு சரியாகிவிடும். மருத்துவச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் விரலைக் காட்டினேன். அவர் மேலே கேட்கவில்லை.

ஆனாலும், வெளிநாட்டிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இதற்காக அலைய வேண்டாம் என்பதே என் முடிவு. கொண்டு வருகிறவரிடம், விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள்.

மாற்று வழி நம் பட்டறையிலேயே இருக்கிறது. மடக்குக்கத்தியின் ஆபத்தெல்லாம் மடங்குவதில்தான் இருக்கிறது. மடங்காத கத்திக்குப் பூட்டு எதற்கு? நாலங்குல அலகும், பிடிக்குள் இறுதிவரை ஓடும் காம்பும், நல்ல தோல் உறையுமாக ஒரு சிறு கத்தியை எங்கள் கொல்லர் இருநூற்றைம்பது ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். அலகை மெல்லியதாகத் தட்டச் சொன்னேன். இடுப்பில் உறையோடு இருக்கிறது. ஒரு கையால் உருவலாம், மழையில் சிக்காது, கழுவினால் சுத்தமாகும். வயலுக்குப் போகும்போது இதையும், சந்தைக்கும் தோட்டத்துக்கும் போகும்போது மடக்குக்கத்தியையும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற சிறு விவசாயிக்கு, கொல்லரின் உறைக்கத்தியையே நான் சொல்லுவேன்.

பட்டறைகள் கற்க வேண்டியது

கொல்லர் சொன்ன வார்த்தைக்குத் திரும்புவோம். “பத்தும் ஒரே மாதிரி வருது.” ஐந்து உறுப்புள்ள ஒரு பொருள். அதில் நம் பட்டறையில் செய்ய முடியாத உறுப்பு எதுவும் இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊர் ஊராகப் பெயர் இருக்கிறது. வேண்டியது, எல்லா அலகுக்கும் ஒரே அளவு சூடும் ஒரே மாதிரித் தோய்ச்சலும். கண் மதிப்பில் நிறம் பார்த்துத் தோய்ப்பதை விட்டு, சூட்டை அளந்து காட்டும் சிறு மின் உலை ஒன்றை நாலைந்து பட்டறைகள் சேர்ந்து வைத்துக்கொண்டால் போதும். மரப்பிடிக்குப் பதில் ஈரத்தில் உப்பாத பிடி போட்டால், நம் மழைக்கு ஏற்ற கத்தி, அந்த ஊர்க் கத்தியைவிட நமக்கு நல்ல கத்தி, ஐந்நூறு ரூபாய்க்குள் வராதா?

தொழிற்பயிற்சி நிலையங்களில் பிள்ளைகள் பயிற்சிக்காக இரும்பை அராவி அராவித் தூளாக்குகிறார்கள். அந்த நேரத்தில் ஓர் உழவன் மடியில் செருகிக்கொள்ளக்கூடிய கத்தியைச் செய்யப் பழக்கினால் என்ன? பெரிய இயந்திரங்களுக்கு மானியம் உண்டு, வரவேற்கிறேன். ஆனால் இரண்டரை ஏக்கர்க்காரனின் கையில் நாள்தோறும் இருப்பது கத்தியும் மண்வெட்டியும் களைக்கொத்தியும்தான். அவற்றின் எஃகை யார் சோதிக்கிறார்கள்? வாங்குகிறவன் விரல்தான் சோதிக்கிறது.

வாங்குமுன் கவனிக்க

1. செய்தவர் பெயர் பொறிக்காத மடக்குக்கத்தியை வாங்காதீர்கள். எந்த நாட்டுச் சரக்கு என்பது இரண்டாவது கேள்வி.

2. பூட்டு இருக்கிறதா, முதுகை அழுத்தினால் நிற்கிறதா என்று பாருங்கள்.

3. விரித்த அலகு இடமும் வலமும் ஆடினால் ஒதுக்கிவிடுங்கள்.

4. உபகரணம் அதிகம் என்று மயங்காதீர்கள். அலகு ஒன்று நன்றாக இருந்தால் போதும்.

5. துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் கரி எஃகு. இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு.

6. மருந்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று. இரண்டும் கலக்கக்கூடாது.

7. வெட்டினால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மண்ணும் சாணமும் பட்ட கத்தி.

இறுதியாக ஒன்று. அன்று நடந்ததற்குக் கத்தியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கன்றை நைலான் கயிற்றால், இறுகினால் அவிழாத முடிச்சுப் போட்டு, வாய்க்கால் கரையில் கட்டியது நான்தான். தலைப்பை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சை என் தகப்பனார் சிறு வயதிலேயே கற்றுக் கொடுத்திருந்தார். சோம்பலில் போடவில்லை. போட்டிருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கன்று இப்போது இரண்டு ஈற்றுக் கண்ட பசு. அதை நான் இழுத்தால் அவிழும் முடிச்சில்தான் கட்டுகிறேன். மடியில் நல்ல கத்தியும் இருக்கிறது. இதுவரை அதைக் கொண்டு கயிறு அறுக்கும்படி நேரவில்லை. நேராமலே இருக்கட்டும்.